இன்வாய்ஸும் கணக்கும்: எக்செல், கணினித் தொகுப்பு, இணையச் சந்தா, ஈஆர்பி ஆகிய நான்கில் எதைத் தேர்ந்தெடுப்பது?

தொழில் வளரத் தொடங்கியதும் கணக்குப் பகுதியில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். எக்செல் தாளிலேயே இன்வாய்ஸ் போட்டுக்கொண்டிருக்கலாமா, கணினியில் நிறுவும் கணக்கு மென்பொருள் ஒன்றை வாங்குவதா, மாதச் சந்தா கட்டும் இணையச் சேவைக்குப் போவதா, அல்லது விற்பனை, கொள்முதல், சரக்கிருப்பு, கணக்கு அனைத்தையும் ஒன்றாகப் பிணைக்கும் ஈஆர்பி ஒன்றை அமைப்பதா? இப்படிக் கேட்பவர்களில் பலர் விற்பனையாளர் காட்டிய செய்முறை விளக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். அங்கே எல்லா மென்பொருளும் அழகாகத்தான் இன்வாய்ஸ் போடும். பொருளைத் தேர்ந்தெடுத்து, எண்ணிக்கையை இட்டு, பொத்தானை அழுத்தினால் நிறுவனச் சின்னத்தோடு பிடிஎஃப் வந்து நிற்கும். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. போட்ட இன்வாய்ஸைத் திருத்த வேண்டி வரும் நாளில்தான் ஒரு மென்பொருளின் தரம் தெரியும் என்பது பல ஆண்டுகள் கணக்கு எழுதியதில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. ஆகையால் இந்த ஒப்பீட்டை ஒரு திருத்தத்தைச் சுற்றியே அமைத்திருக்கிறேன்.

## சோதனைக்கு ஓர் இன்வாய்ஸ்

ஒன்று 1,200 வீதம் 10 பொருள்களை ஒரு வாடிக்கையாளருக்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு 12,000, வரி 10 விழுக்காடு என்றால் 1,200, இன்வாய்ஸ் தொகை 13,200. சரக்கு போய்ச் சேர்ந்தபின் இரண்டு பொருள்கள் பழுது என்று திரும்பி வருகின்றன. அவற்றின் தொகையைக் கழிக்கப் போடும் வரவுக் குறிப்பு 2,400, அதன் வரி 240, ஆக 2,640. வாடிக்கையாளர் இனித் தர வேண்டியது 10,560. அவர் அந்தத் தொகையை அனுப்புகிறார். வழியில் வங்கி 60 பிடித்துக்கொள்ள, நம் கணக்கில் வந்து சேர்வது 10,500. இதற்குள் மாதம் முடிந்து, இன்வாய்ஸ் போட்ட மாதத்துக்கான வரி அறிக்கையும் தாக்கலாகிவிட்டது.

இது அரிதான நிகழ்வு அல்ல. கடனுக்குச் சரக்கு விற்கும் எந்தத் தொழிலிலும் வாரம் ஒன்றாவது இப்படி வரும். சரியாகப் பதியும்போது பழைய மாதத்தின் விற்பனை 12,000 தொடப்படாமல் நிற்க வேண்டும். விற்பனைத் திருப்பம் 2,400, வரிக் குறைப்பு 240 ஆகிய இரண்டும் இந்த மாதத்தில் விழ வேண்டும். வங்கியில் 10,500, வங்கிக் கட்டணத்தில் 60 ஏற வேண்டும். வாடிக்கையாளரின் நிலுவை பூச்சியமாக வேண்டும். திரும்பி வந்த இரண்டு பொருள்கள் விற்பனைக்குரிய இருப்பில் சேராமல் பழுதுச் சரக்கில் சேர வேண்டும். மிகக் குறைவாக எண்ணினாலும் கடனாளி, விற்பனை, விற்பனைத் திருப்பம், வரி, வங்கி, வங்கிக் கட்டணம் என்று ஆறு கணக்குகள் இதில் இருக்கின்றன.

தவறாகச் செய்யவும் இரண்டு எளிய வழிகள் உண்டு. பழைய இன்வாய்ஸைத் திறந்து 10 என்பதை 8 ஆக்கிவிடலாம். அப்போது தாக்கல் செய்த வரி அறிக்கையும் ஏடும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். அல்லது அந்த 60ஐக் கண்டுகொள்ளாமல் விடலாம். அது வாடிக்கையாளர் பெயரில் நிலுவையாகவே கிடக்கும். ஓர் ஆண்டில் நிலுவைப் பட்டியல் முழுவதும் இப்படிப்பட்ட 60களும் 35களுமாக நிறைந்து, உண்மையாகவே பணம் தராதவர் யார் என்பது கண்ணில் படாமல் போய்விடும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, திருத்தத்தின் சுவடு. அனுப்பிய இன்வாய்ஸை ஒருவர் மாற்றினால் முன்பு என்ன இருந்தது, யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்பவை அழியாமல் நிற்க வேண்டும். கணக்கு முடிந்த மாதத்துக்குள் எவரும் பதிவு நுழைக்க முடியாதபடி தேதியைப் பூட்டும் வசதியும் இதோடு சேர்ந்தது. இவ்விரண்டும் இல்லாத இடத்தில் தணிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு நினைவை நம்பித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஒரே எண்ணை எத்தனை முறை கையால் தட்டச்சு செய்கிறோம் என்பது. ஆர்டர் தாள், டெலிவரி சலான், இன்வாய்ஸ், விற்பனைப் பதிவேடு, வரி அறிக்கை என ஐந்து இடங்களில் ஒரே 1,200 தனித்தனியாக ஏறுகிறது என்றால், பிழை நுழைய ஐந்து வாசல்கள் திறந்திருக்கின்றன. எந்த மென்பொருள் இவற்றுள் எத்தனை வாசல்களை அடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

மூன்றாவது, வங்கிக் கணக்கோடு சரிக்கட்டுவது. வங்கி அறிக்கையை உள்ளே கொண்டுவர முடிகிறதா, அதில் உள்ள ஒரு வரவை இரண்டு மூன்று இன்வாய்ஸ்களுக்குப் பிரித்துச் சேர்க்க முடிகிறதா, குறைந்து வந்த தொகைக்குக் காரணம் பதிய இடம் இருக்கிறதா என்பவற்றை இங்கே பார்க்க வேண்டும்.

நான்காவது வரி. இதில் சிறியதாகத் தோன்றித் தலைவலி தருவது, தொகையை இரண்டு தசம இலக்கத்துக்கு முழுதாக்கும் முறை. ஒரு வரிசைக்கு 33.35 வீதம் மூன்று வரிசைகள் கொண்ட இன்வாய்ஸில், 10 விழுக்காடு வரியை வரிசை வரிசையாகக் கணக்கிட்டு முழுதாக்கினால் 3.34 வீதம் 10.02 வரும்; மொத்தம் 100.05க்கு ஒரே முறை கணக்கிட்டால் 10.01 வரும். வேறுபாடு 0.01தான். ஆனால் வாடிக்கையாளரின் மென்பொருள் ஒரு முறையையும் நம்முடையது மற்றொன்றையும் பின்பற்றினால், ஒவ்வொரு இன்வாய்ஸும் அவர்கள் பக்கம் பொருந்தாமல் நிற்கும். ஆகவே இந்த முறையை மாற்றியமைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். மின்-இன்வாய்ஸும் இதே தலைப்பில்தான் வரும். இத்தாலி 2019இல் நிறுவனங்களுக்கு இடையிலான விற்பனைக்கும் அதைக் கட்டாயமாக்கியது. இந்தியா 2020 அக்டோபரில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கியது. ஜெர்மனியில் 2025 ஜனவரி முதல் நிறுவனங்கள் அதைப் பெறும் நிலையிலாவது இருக்க வேண்டும். மின்னஞ்சலில் போகும் சாதாரண பிடிஎஃப் இந்தப் பொருளில் மின்-இன்வாய்ஸ் ஆகாது. கணினி நேரடியாகப் படிக்கும் கட்டமைப்பில் தரவு இருக்க வேண்டும். இன்று தேவைப்படாதவருக்கும் சில ஆண்டுகளில் தேவைப்படலாம்.

ஐந்தாவது, யார் எதைச் செய்யலாம் என்ற பிரிவினை. வாடிக்கையாளர் கணக்கைத் திறப்பவர், இன்வாய்ஸ் போடுபவர், பணம் வரவு வைப்பவர் மூவரும் ஒருவராகவே இருந்தால் எந்தக் கட்டுப்பாடும் இயங்காது. தனியாளாகத் தொழில் நடத்துபவருக்கு இது பொருட்டல்ல. மூன்றாவது ஆள் சேர்ந்த நாளிலிருந்து பொருட்டாகும்.

ஆறாவது, வெளியேறும் வழி. பல நாடுகளில் கணக்கு ஏடுகளை 6 முதல் 10 ஆண்டுகள் வரை வைத்திருக்க வேண்டும். நாம் தேர்ந்தெடுக்கும் மென்பொருள் அத்தனை ஆண்டுகள் நம்மோடு இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இவை அனைத்துக்கும் பின்னர்தான் விலை வருகிறது. அதையும் முதல் மாதக் கட்டணமாகப் பார்க்காமல், ஊழியர் செலவிடும் நேரத்தையும் சேர்த்து ஐந்தாண்டுச் செலவாகப் பார்க்க வேண்டும்.

## எக்செல் போன்ற விரிதாள்

விரிதாளை இழிவாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதம் இருபது முப்பது இன்வாய்ஸ், ஒரே வரி விகிதம், சரக்கிருப்பு இல்லாத சேவைத் தொழில், கணக்கு எழுதுபவர் ஒருவரே என்றால் விரிதாள் போதும். கற்பதற்கு நேரம் ஆகாது, வேண்டிய வடிவில் வைத்துக்கொள்ளலாம், தரவு நம் கையிலேயே இருக்கும்.

ஆனால் நம் சோதனை இன்வாய்ஸை இதில் ஏற்றிப் பாருங்கள். விற்பனைத் தாளில் ஒரு வரிசை, திருப்பத் தாளில் ஒரு வரிசை, வரவுத் தாளில் ஒரு வரிசை. மூன்றையும் இணைப்பது இன்வாய்ஸ் எண் ஒன்றுதான், அதையும் நாம்தான் தட்டச்சு செய்கிறோம். 1494இல் வெனிஸில் லூக்கா பச்சோலி அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு இருந்தாக வேண்டும். அதனால் பிழைகளில் ஒரு பகுதி, எல்லாக் கணக்குகளின் பற்றையும் வரவையும் கூட்டி ஒப்பிடும் இருப்பாய்விலேயே தலைகாட்டிவிடும். விரிதாளில் நாம் வைத்திருப்பது பெரும்பாலும் வெறும் பட்டியல். பட்டியலுக்கு மறுபக்கம் கிடையாது. தவறினால் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

ஆண்டு இறுதியில் ஒரு முறை கடனாளிகள் மொத்தம் பொருந்தாமல் இரண்டு நாள் தேடியிருக்கிறேன். கூட்டல் சூத்திரம் 214ஆம் வரியோடு நின்றிருந்தது. விடுபட்ட இன்வாய்ஸ் 215ஆம் வரியில் இருந்தது. இன்னொரு முறை மின்னஞ்சலிலிருந்து ஒட்டிய 1,200க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்க, அந்தக் கட்டத்தை எக்செல் எழுத்தாக எடுத்துக்கொண்டு கூட்டலில் சேர்க்காமல் விட்டது. தாளைப் பார்த்தால் எண் எண்ணாகத்தான் தெரியும். இதே இனத்தில் வேறு சிலவும் உண்டு. எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியம் வைத்திருப்பதில்லை என்பதால் 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும். பூச்சியத்தில் தொடங்கும் குறியீட்டு எண்ணின் முன்பூச்சியம் உதிர்ந்துவிடும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. 2007க்குப் பிந்தைய வடிவம் 10,48,576 வரிகளை ஏற்கும். 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பழைய வடிவத்தைப் பயன்படுத்தியதால் 15,841 கோவிட் தொற்று முடிவுகள் தினசரிக் கணக்கில் ஏறாமல் போயின. பெரிய அமைப்புக்கே நேர்ந்தது இது.

விரிதாளின் மறைமுகச் செலவு முழுவதும் நேரம்தான். மென்பொருளுக்குப் பணம் போகாததால் அந்த நேரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. மாதத்தில் எத்தனை மணி நேரம் பொருத்திப் பார்ப்பதிலேயே கழிகிறது என்று இரண்டு மாதம் குறித்துவைத்துப் பாருங்கள். இலவசம் என்ற எண்ணம் மாறிவிடும்.

## கணினியில் நிறுவும் கணக்குத் தொகுப்பு

டாலி, குனூகேஷ் போன்றவை இவ்வகை. இரட்டைப் பதிவு முறையே இவற்றின் அடித்தளம். இன்வாய்ஸைப் பதிந்த உடனே கடனாளி, விற்பனை, வரி மூன்றும் தாமாக ஏறும். பேரேடும் இருப்பாய்வும் எப்போதும் தயாராக இருக்கும். விசைப்பலகையை விட்டுக் கை எடுக்காமல் நாளுக்கு நூற்றுக்கணக்கான பதிவுகளை ஏற்றும் கணக்கர்கள் இவற்றை விட்டு வர மறுப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த வேகம் உலாவியில் கிடைப்பதில்லை. இணையம் அறுந்த நாளிலும் வேலை ஓடும்.

சோதனை இன்வாய்ஸ் இங்கே நன்றாகவே தேறும். வரவுக் குறிப்பைத் தனி ஆவணமாகப் போட்டுப் பழைய இன்வாய்ஸோடு இணைக்கலாம். வங்கி பிடித்த 60ஐ அதே வரவுப் பதிவில் செலவாகக் காட்டலாம். கவனிக்க வேண்டியது, திருத்தத்தின் சுவடு. இவ்வகைத் தொகுப்புகள் சிலவற்றில் பதிந்த ஆவணத்தைத் திறந்து மாற்றுவதும் முற்றிலும் நீக்குவதும் மிக எளிது; சுவட்டைப் பதியும் வசதியைத் தனியாக இயக்க வேண்டியிருக்கும். வாங்குமுன் ஓர் இன்வாய்ஸை நீக்கிவிட்டு, அந்த எண் என்ன ஆனது என்று பாருங்கள். எண் வரிசையில் ஓட்டை விழுந்து, அதற்கு விளக்கம் எங்கும் இல்லையென்றால் பின்னாளில் விளக்க வேண்டியவர் நீங்கள்தான்.

மறைமுகச் செலவுகள் மூன்று. பேக்கப் நம் பொறுப்பு. பேக்கப் எடுப்பவர் பலர். எடுத்ததை வேறு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்தவர் சிலர்தான். கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் தாக்கினால், அதே கணினியோடு இணைந்திருந்த பேக்கப் வட்டும் சேர்ந்தே போகும். ஒரு படியாவது வேறிடத்தில் இருக்க வேண்டும். அடுத்தது, இரண்டாவது ஆள், இரண்டாவது கிளை, வெளியூரிலிருந்து பார்க்க வேண்டிய உரிமையாளர் என்று ஒவ்வொன்றுக்கும் கூடுதல் உரிமமும் ஏற்பாடும் தேவைப்படும். மூன்றாவது, தயாரிப்பாளர் அந்தப் பாதையையே மூடிவிடலாம். அமெரிக்காவில் பல ஆண்டுகள் பரவலாகப் பயன்பட்ட குவிக்புக்ஸ் டெஸ்க்டாப்பின் புரோ, பிரீமியர் பதிப்புகளைப் புதியவர்களுக்கு விற்பதை அதன் தயாரிப்பாளரான இன்ட்யூட் 2024 செப்டம்பரோடு நிறுத்தியது. ஒரு முறை வாங்கினால் நிலையாக நம்முடையது என்ற எண்ணத்தோடு இவ்வகையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒரே அலுவலகம், அனுபவமுள்ள கணக்கர், நாள்தோறும் ஏராளமான பதிவுகள், நம்ப முடியாத இணையம் ஆகியவை உள்ள இடத்தில் இதைவிட நல்ல தேர்வு கிடையாது.

## மாதச் சந்தா இணையச் சேவை

சீரோ, குவிக்புக்ஸ் ஆன்லைன், ஜோஹோ புக்ஸ் ஆகியவை இதில் அடங்கும். இவற்றின் உண்மையான பலம் இன்வாய்ஸ் வடிவமைப்பில் இல்லை. வங்கி இணைப்பிலும் நினைவூட்டலிலும் இருக்கிறது. வங்கிக் கணக்கின் நடவடிக்கைகள் தாமாக உள்ளே வந்து, பொருந்தக்கூடிய இன்வாய்ஸ் பக்கத்திலேயே காட்டப்படும். கெடு கடந்த இன்வாய்ஸுக்கு நினைவூட்டல் தானாகப் போகும். தணிக்கையாளருக்குத் தனி நுழைவு கொடுத்துவிட்டால் ஆண்டு முடிவில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பேக்கப் பொறுப்பும் சேவை தருபவருடையது.

இங்கே சோதனை இன்வாய்ஸை ஏற்றினால் ஓர் ஆபத்து வெளிப்படும். இதை நான் பல ஏடுகளில் பார்த்திருக்கிறேன். நிலுவை 10,560, வங்கியிலிருந்து வந்தது 10,500. தொகை பொருந்தாததால் மென்பொருள் எதையும் பரிந்துரைக்காது. அவசரத்தில் இருப்பவர் அந்த 10,500ஐப் புதிய வருமானம் என்று பதிந்து வரிசையைக் காலி செய்துவிடுவார். திரையில் எல்லாம் பச்சையாகிவிடும். ஆனால் இப்போது அதே விற்பனை இரண்டு முறை வருமானத்தில் ஏறியிருக்கிறது: இன்வாய்ஸ் வழியாக ஒரு முறை, வங்கி வழியாக ஒரு முறை. வாடிக்கையாளர் பெயரில் 10,560 நிலுவையாகவே நிற்க, பணம் கொடுத்தவருக்கே நினைவூட்டலும் போகும். சரியான வழி, அந்த வரவைத் தேடி எடுத்த இன்வாய்ஸோடு இணைத்து, வேறுபாடான 60ஐ வங்கிக் கட்டணமாகச் சேர்ப்பது. இந்த வேலையை எத்தனை சொடுக்கில் முடிக்க முடிகிறது என்பதை இலவசச் சோதனைக் காலத்திலேயே பார்த்துவிட வேண்டும். கடினமாக இருந்தால் ஊழியர்கள் தவறான வழியில்தான் போவார்கள்.

வங்கி இணைப்பு அவ்வப்போது அறுந்துபோகும் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். ஐரோப்பிய விதிகளில் வாடிக்கையாளர் தம்மை மறுபடி உறுதிப்படுத்த வேண்டிய இடைவெளி 90 நாளாக இருந்து, 2023இல் 180 நாளாக நீட்டப்பட்டது. மறுஇணைப்பின்போது தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒரே வரவு இரண்டு முறை உள்ளே வரும். ஆகவே வங்கி அறிக்கையின் இறுதி இருப்பும் ஏட்டின் இருப்பும் ஒன்றா என்று மாதம் ஒரு முறை கண்ணால் பார்ப்பதைத் தானியங்கி இணைப்பு இருக்கிறது என்பதற்காகக் கைவிடக் கூடாது.

செலவு படிப்படியாக ஏறும். பயனர் எண்ணிக்கை, இன்வாய்ஸ் எண்ணிக்கை, பல நாணய வசதி, சரக்கிருப்பு, சம்பளப் பட்டியல் என்று ஒவ்வொன்றும் உங்களை மேல்நிலைத் திட்டத்துக்குத் தள்ளும். இணையக் கடையோடும் பணம் பெறும் சேவையோடும் இணைக்கும் செருகிகளுக்குத் தனிச் சந்தா. பல நாணயம் என்றால் ஒன்றைக் கூடுதலாகச் சரிபாருங்கள்: இன்வாய்ஸ் நாளின் மாற்று விகிதத்துக்கும் பணம் வந்த நாளின் விகிதத்துக்கும் உள்ள வேறுபாடு செலாவணி ஆதாயமாகவோ நட்டமாகவோ தானாகப் பதிய வேண்டும். பதியவில்லையென்றால் கடனாளி கணக்கில் விளக்கமில்லாத மிச்சங்கள் சேரும்.

வெளியேறும் வழி இவ்வகையில்தான் மிகவும் கவலைக்குரியது. எந்த விரிதாளிலும் திறக்கும் வெற்று அட்டவணையான சிஎஸ்வி கோப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். எடுத்தும் கொள்ளலாம். ஆனால் எந்த வரவு எந்த இன்வாய்ஸோடு பொருத்தப்பட்டது என்ற உறவும், ஒவ்வொரு பதிவோடும் இணைத்த ரசீதுப் படங்களும் அந்தக் கோப்பில் வராமல் போகலாம். சந்தாவை நிறுத்தியபின் பழைய ஏட்டைப் படிக்க மட்டுமாவது அனுமதி உண்டா, எவ்வளவு காலம் உண்டு என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிந்ததும் பேரேடு, இருப்பாய்வு, இன்வாய்ஸ் பிடிஎஃப்கள், இணைப்புகள் அனைத்தையும் இறக்கித் தனியாக வைக்கும் வழக்கத்தை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

## ஒருங்கிணைந்த ஈஆர்பி

ஒடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் ஆகிய திறமூல (மூல நிரல் எவருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்களை முன்வைத்தே இதைப் பேசுகிறேன். சிறிய, நடுத்தர நிறுவனங்களின் பரிசீலனைக்கு வருபவை பெரும்பாலும் இவைதான். ஆர்டரில் ஒரு முறை ஏறிய 1,200 டெலிவரிக்கும், அங்கிருந்து இன்வாய்ஸுக்கும், இன்வாய்ஸிலிருந்து பேரேட்டுக்கும் தானே நகரும். தட்டச்சு ஒரு முறைதான். சரக்கிருப்பின் அடக்க விலையும் கணக்கில் கூடவே ஏறும்.

திருத்தத்தை ஈஆர்பிநெக்ஸ்ட் கையாளும் முறை எனக்குப் பிடித்தது. வரைவில் இருக்கும் ஆவணத்தை எப்படியும் மாற்றலாம். சமர்ப்பித்துவிட்டால் தொகையை மாற்ற முடியாது. ரத்து செய்துவிட்டுத் திருத்திய புதிய ஆவணத்தைத்தான் போட வேண்டும். அது பழைய எண்ணின் பின்னால் 1 என்ற ஒட்டோடு வரும், ரத்தான ஆவணமும் அங்கேயே நிற்கும். நம் எடுத்துக்காட்டில், மூல இன்வாய்ஸிலிருந்தே திருப்ப ஆவணத்தை உருவாக்கி எண்ணிக்கையை இரண்டாக்கினால் வரவுக் குறிப்பு தயார். திரும்பிய சரக்கு எந்தக் கிடங்கில் சேர வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லலாம்; பழுதுச் சரக்குக்கென்று தனிக் கிடங்கை முன்பே உருவாக்கி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பழுதான பொருளும் விற்பனைக்குரியதாகவே எண்ணப்படும். வங்கி பிடித்த 60க்கு வரவுப் பதிவிலேயே பிடித்தங்களுக்கான பட்டியல் உண்டு. ஒடூவில் பதிந்த இன்வாய்ஸை மறுபடி வரைவாக்க முடியும். அதைத் தடுக்க வேண்டுமென்றால் பூட்டும் அமைப்புகளைத் தேடி இயக்க வேண்டும்.

இலவசம் என்ற சொல் இவ்வகையில்தான் அதிகம் ஏமாற்றுகிறது. ஒடூவின் கம்யூனிட்டி பதிப்பில் இன்வாய்ஸ் உண்டு. முழுமையான கணக்கு அறிக்கைகளும் வங்கிச் சரிக்கட்டல் வசதிகளும் கட்டணம் செலுத்தும் என்டர்பிரைஸ் பதிப்பில்தான் முழுதாகக் கிடைக்கின்றன. ஈஆர்பிநெக்ஸ்ட்டில் கணக்குப் பகுதி முழுமையாகவே கிடைக்கிறது; ஆனால் சர்வர், பேக்கப், பாதுகாப்புத் திருத்தங்கள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நம் வசதிக்காக நிரலில் மாற்றம் செய்துவிட்டால் ஒவ்வொரு பதிப்பு மாற்றத்தின்போதும் அந்த மாற்றத்தையும் கூடவே இழுத்துச் செல்ல வேண்டும். ஒடூ ஆண்டுக்கொரு பெரிய பதிப்பை வெளியிட்டு, கடைசி மூன்று பதிப்புகளுக்கே ஆதரவு தருகிறது. ஆக, மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது அந்தச் செலவு வந்தே தீரும்.

இவற்றைவிடப் பெரிய செலவு ஒழுங்கு. பொருள் பட்டியலில் ஒரே பொருள் மூன்று பெயர்களில் இருந்தால், இருப்பு மூன்றாகப் பிரிந்து காட்டும். கிடங்கில் இருப்பவர் டெலிவரியை மாலையில் சேர்த்துப் பதிந்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், இன்வாய்ஸ் போடுபவர் காத்திருக்க முடியாமல் தனியாக எக்செல் தாளைத் திறந்துவிடுவார். அந்தத் தாள் திறந்த நாளில் ஈஆர்பிக்குச் செலவழித்ததெல்லாம் வீண். ஆகையால் சரக்கிருப்பு, பல கிடங்குகள், உற்பத்தி, ஐந்தாறு பேருக்கு மேல் ஒரே விற்பனையைத் தொடும் நிலை ஆகியவை உள்ள நிறுவனத்துக்கே இதைப் பரிந்துரைப்பேன். அங்கேயும் பொறுப்பேற்று நடத்த உள்ளே ஒருவர் இருந்தால் மட்டுமே. வெறும் இன்வாய்ஸுக்காக ஈஆர்பி அமைப்பது வேண்டாத சுமை.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | விரிதாள் | கணினித் தொகுப்பு | இணையச் சந்தா | ஈஆர்பி |
|---|---|---|---|---|
| திருத்தத்தின் சுவடு | நம்பத்தக்கதாக இல்லை | உண்டு. இயக்கிவைக்க வேண்டியிருக்கலாம் | உண்டு | உண்டு. அமைப்பைப் பொறுத்துக் கடுமை மாறும் |
| மறுதட்டச்சு | ஒவ்வொரு கட்டத்திலும் | ஆர்டர் வெளியே இருந்தால் ஒரு முறை கூடுதல் | இணைப்புகள் இருந்தால் குறைவு | மிகக் குறைவு |
| வங்கிச் சரிக்கட்டல் | கையால் | கோப்பை உள்ளிட்டு | தானியங்கி இணைப்பு | பதிப்பையும் அமைப்பையும் பொறுத்தது |
| உரிமைப் பிரிவினை | இல்லை | ஓரளவு | திட்டத்தைப் பொறுத்தது | நுணுக்கமாக |
| வெளியேறுவது | எளிது | நடுத்தரம் | உறவுகளும் இணைப்புகளும் விடுபடலாம் | தரவுத்தளம் நம் கையில் இருந்தால் முழுமையாக |
| மறைமுகச் செலவு | நேரம் | பேக்கப், கூடுதல் உரிமம் | ஏறும் சந்தா, செருகிகள் | அமைப்பு, பராமரிப்பு, ஒழுங்கு |

## தேர்ந்தபின் மாறும் முறை

எதைத் தேர்ந்தாலும் மாறுவதற்கு ஏற்ற நாள் நிதியாண்டின் தொடக்கம். முடியாவிட்டால் வரி அறிக்கைக் காலம் ஒன்றின் தொடக்கம். தொடக்க இருப்பை ஏற்றும்போது கடனாளிகள் மொத்தத்தை ஒரே தொகையாகப் போடும் ஆசை வரும். அதைச் செய்யாதீர்கள். நிலுவையில் உள்ள ஒவ்வொரு இன்வாய்ஸையும் அதன் பழைய எண்ணோடும் பழைய தேதியோடும் தனித்தனியாக ஏற்றினால்தான், பணம் வரும்போது பொருத்தவும், எது எத்தனை நாளாக நிலுவை என்று பார்க்கவும் முடியும். அவற்றின் கூட்டுத்தொகையும் பழைய ஏட்டின் கடனாளிகள் மொத்தமும் கடைசிக் காசு வரை ஒன்றாக வரும்வரை புதிய இன்வாய்ஸ் எதையும் போடக் கூடாது. புதிய இன்வாய்ஸ்களுக்கு வேறு முன்னொட்டோடு எண் வரிசையைத் தொடங்கினால் பழையதும் புதியதும் குழம்பாது. ஒரு மாதமாவது இரண்டிலும் இணையாகப் பதிந்து, மாத இறுதி இருப்பாய்வுகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும்.

அதற்கு முன், பணம் கட்டுவதற்கு முன்பாகவே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடந்த மாதத்தில் உங்களை மிகவும் அலைக்கழித்த இன்வாய்ஸைத் தேடி எடுங்கள்: சரக்கு திரும்பியதோ, பாதிப் பணம் வந்ததோ, பெயர் மாற்றிக் கேட்டதோ ஏதாவது ஒன்று. செய்முறை காட்ட வருபவரிடம் அதைக் கொடுத்து, உங்கள் கண்முன்னே தொடக்கத்திலிருந்து பதியச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்த வாடிக்கையாளரின் பேரேட்டைத் திறக்கச் சொல்லி நிலுவை பூச்சியமா என்று பாருங்கள். பிறகு முந்தைய மாத வரி அறிக்கையைத் திறக்கச் சொல்லி, அதில் ஓர் எண்ணாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.